பலகை நிறைந்ததும்

அன்று மாலை குழிக்குள் இறங்கியவர்கள் ஆறு பேர். வழிகாட்டி. அவளுடைய அப்பா, கார்களுக்குப் பெயிண்ட் அடித்து ஓய்ந்தவர். பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர். டீச்சர் வீட்டுக்காரர். அச்சகம் நடத்தும் அண்ணன், தம்பி. மேலே நின்றவர்கள் இரண்டு பேர்: வேன் டிரைவர், குழியின் காப்பாளர்.

ஆறு பேருக்கு ஆறு டோக்கன். இரும்புக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பலகை, அதில் இருபத்தாறு ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் எண் பொறித்த வட்டமான பித்தளை டோக்கன். உள்ளே போகிறவர் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும், வெளியே வந்ததும் அதே ஆணியில் திரும்ப மாட்ட வேண்டும். வழிகாட்டி பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை வரிசையாகக் கழற்றினாள். நாள் முழுக்கக் கடற்காற்றில் கிடந்த பித்தளை எப்படி இருக்குமோ அப்படி ஐந்து டோக்கன்கள் சில்லென்று இருந்தன. பதினேழு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அதுவரை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்து, அவள் வருவதைப் பார்த்து அவசரமாக ஆணியில் மாட்டிவிட்டு நகர்ந்தது போல.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெயில் காலையிலிருந்தே இல்லை. பனிமூட்டம் கடலையும் கரையையும் ஒரே சாம்பல் துணியால் மூடியிருந்தது.

ஆறையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "எல்லாத்தையும் நானே வெச்சிருக்கேன். யாரும் தொலைக்க வேண்டாம், வரும்போது நானே மாட்டிடறேன்."

அது விதிக்கு விரோதம். நான்கு வருடமாக அப்படித்தான் செய்கிறாள். பயணிகள் டோக்கனைக் கீழே போடுவார்கள், பைக்குள் தேடுவார்கள், மாட்டும்போது வேறு ஆணியில் மாட்டுவார்கள், ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம் போகும். கூண்டுக்குள் உட்கார்ந்து பேப்பரில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்த காப்பாளர் தலையைத் தூக்கவில்லை. அவருக்கு ஒரு காது மந்தம். அவருடைய கூண்டுக் கண்ணாடி வழியாகப் பலகை தெரியும். கதவு தெரியாது.

கடற்கரையோரப் போர் நினைவிடங்கள், ஒரே நாளில் மூன்று ஊர்கள் என்பது அவள் கம்பெனியின் விளம்பரம். காலையில் துறைமுக ஊர். பழைய சுங்கச் சாவடி, அதன் முன்னால் துருப்பிடித்த இரண்டு பீரங்கிகள், கப்பலோடு மூழ்கியவர்களின் பெயர் வெட்டிய நீளமான கறுப்புச் சுவர். எல்லாரும் சுவர் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்பா மூக்கைச் சுவரோடு வைத்துப் பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எழுத்துக்கு சாதா எனாமல் அடிச்சிருக்கான் மேடம். உப்புக் காத்துல ரெண்டு வருஷம் தாங்காது. செத்தவன் பேருன்னா அவ்வளவு இளக்காரமா?"

யூனிபாரம் கோட்டுப் போட்ட நாளிலிருந்து மகளை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். அச்சகத் தம்பி சிரித்தான். அச்சக அண்ணன், "எழுத்து இடைவெளியும் சரியில்லீங்க" என்று ஒத்து ஊதினார். டீச்சர் மூவரையும் முறைத்தார்.

மத்தியானம் கோட்டை ஊர். மதிலைச் சுற்றிக் குறுகலான கல் தெருக்கள், வாசலில் பூத்தொட்டி வைத்த வீடுகள், ஊர்க் கோடியில் புல் வெட்டிய மயானம், அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரே மாதிரியான வெள்ளைக் கற்கள். அந்த ஊரில்தான் போன மாதம் அவள் ஒரு பயணியை விட்டுவிட்டுப் போனாள். எழுபது வயது ஆள். மயானத்தில் ஏதோ கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து தூங்கிப்போயிருந்தார். வேன் நாற்பது கிலோமீட்டர் போன பிறகுதான் தெரிந்தது. புகார் போனது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு முறை எண்ணுகிறாள்.

இது சீசனின் கடைசிப் பயணம். ஒரு சீட்டு காலியாக இருந்தது. நாற்பது வருடம் பெயிண்ட் புகையைக் குடித்த அப்பாவின் நுரையீரலுக்குக் கடல் காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கூட்டி வந்துவிட்டாள். காலையில் வேன் கிளம்பும்போது அம்மா போனில் சொன்னது ஒன்றுதான். "கூட்டிட்டுப் போறது பெரிய விஷயமில்ல. திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கணும். அதுக்கு நீதான் பொறுப்பு."

"என்னவாம் உங்கம்மாவுக்கு?" என்று அப்பா கேட்டார்.

"உங்கள எங்கயும் விட்டுட்டு வந்துடாதன்னு சொல்றாங்க."

"அப்படியா சொன்னா? நல்லா யோசிச்சுப் பாரு, விட்டுட்டு வான்னு சொல்லியிருப்பா."

மூன்றாவது நிறுத்தம்தான் குழி. கடலைப் பார்த்து நீட்டியிருக்கும் ஒரு பாறை மேட்டுக்கு உள்ளே, போர்க் காலத்தில் குடைந்த பீரங்கி நிலவறை. மேலிருந்து பார்த்தால் புல்லும் ஒரு கான்கிரீட் முகப்பும் இரும்புக் கதவும் மட்டும்தான் தெரியும். உள்ளே அறுபத்து நான்கு படிகள். கீழேயிருந்து நாற்பதாவது படியில் ஒரு திருப்பம். கீழே மூன்று அறைகள்: அடுக்குக் கட்டில்கள் போட்ட படுக்கை அறை, குண்டுகளை வைத்திருந்த கிடங்கு, கடைசியில் கடல் மட்டத்தில் ஒரு நீளமான வெட்டுத் திறப்போடு பீரங்கி அறை. அலை ஏறும்போது அந்தத் திறப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். மழைக்காலத்தில் படுக்கை அறையின் மேல் கட்டில் வரைக்கும் வரும். அதனால் நாளையிலிருந்து மூன்று மாதத்துக்கு அந்தக் கதவை யாரும் திறக்கப்போவதில்லை.

ஒவ்வொரு அறையிலும் சுவரில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் எட்டு நிமிடத்துக்கு பல்பு எரியும்.

அப்பா முதல் பத்துப் படியிலேயே நின்றார். அவருடைய மூச்சு, அடைத்துக்கொண்ட ஸ்பிரே துப்பாக்கி மாதிரி, ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன விசிலோடு வெளியே வந்தது. "நீங்க மேலயே இருங்கப்பா" என்றாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு வாசல பாத்துட்டா போகச் சொல்ற?" என்றபடி அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே போகப் போக வாசனை மாறியது. மேலே புல்லும் உப்பும். திருப்பத்தில் ஈரச் சிமெண்டு. படுக்கை அறையில் நாள்பட்ட கம்பளி, மண்ணெண்ணெய், அதற்கு அடியில் எதுவென்று சொல்ல முடியாத ஒரு மனித வாசனை. ஆட்கள் கூட்டமாகத் தூங்கும் அறையில் விடியற்காலையில் இருக்குமே, அந்த வாசனை. அதை அவள் முன்பு அங்கே முகர்ந்ததில்லை.

அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. வாய் சொல்லும், மனசு வேன் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

இருபத்தாறு பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு டோக்கன். மேலே பலகை நிறைந்துவிட்டால் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம், கதவை மூடிவிடலாம். குண்டு விழ ஆரம்பித்த அன்று எல்லாரையும் மேலே வரச் சொல்லி உத்தரவு. பதினேழாம் எண்காரன் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். தோழனிடம் டோக்கனைக் கொடுத்து, நீ போ, என்னுடையதையும் மாட்டிவிடு, பின்னாலேயே வருகிறேன் என்றான். தோழன் இரண்டையும் மாட்டினான். பலகை நிறைந்தது. வாசற்காவலன் கதவை மூடிப் பூட்டினான். ஒன்பது நாள் கழித்துத்தான் திறந்தார்கள். பதினேழாம் எண்காரன் மேல் படியில் உட்கார்ந்திருந்தான், ஒரு கையை முன்னால் நீட்டி, யாரோ எதையோ தருவார்கள் என்பது போல.

"அதனாலதான் இன்னைக்கும் அவங்கவங்க டோக்கன அவங்கவங்கதான் மாட்டணும்னு இங்க விதி" என்று முடித்தாள். முடித்த பிறகு, பையில் கை விட்டுக்கொண்டு நிற்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. அச்சகத் தம்பி அதைக் கவனித்துவிட்டான்.

"அப்ப எங்களோடது?"

"அது வேற விஷயம்" என்றாள். நான்கு வருடத்தில் முதல் முறையாக அந்தக் கதையை அவள் காது கேட்டிருந்தது.

அப்போது விளக்கு அணைந்தது. எட்டு நிமிடம் ஆகியிருக்கவில்லை. நான்குகூட ஆகியிருக்காது.

இருட்டு கண்ணில் மட்டும் வரவில்லை, காதிலும் வந்தது. பீரங்கி அறையிலிருந்து அலை உறிஞ்சும் சத்தம், யாரோ வாய் கொப்பளிப்பது போல. அப்பாவின் விசில் மூச்சு. டீச்சர், "ஏம்மா, லைட்ட போடும்மா, எனக்கு ஒத்துக்காது" என்று குரல் கம்மச் சொன்னார். அவள் சுவரைத் தடவிப் பொத்தானைத் தேடினாள். ஈரச் சுவர். ஈரச் சுவர். ஒரு துணி. முரட்டுக் கம்பளி, அதற்கு உள்ளே ஒரு தோள்.

"யாரு, சாரா?"

"நான் இந்தப் பக்கம் இருக்கேன்" என்றார் டீச்சர் வீட்டுக்காரர், அறையின் மறுகோடியிலிருந்து.

பொத்தான் கிடைத்தது. விளக்கு வந்தது. அவள் பக்கத்தில் யாரும் இல்லை. மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள், எல்லாரும் எட்டாத தூரத்தில். எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். யாரும் கம்பளி போட்டிருக்கவில்லை.

டீச்சருக்கு முகம் வெளுத்து, வியர்த்து, கால் துவண்டுவிட்டது. "மேல போகணும், இப்பவே மேல போகணும்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. வீட்டுக்காரர் ஒரு பக்கம், வழிகாட்டி ஒரு பக்கம் என்று தாங்கிப் பிடித்தார்கள். அப்பா கீழ்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டையும் முழங்காலில் ஊன்றி, தலை தாழ்த்தி, மூச்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"முதல்ல அவங்கள கூட்டிட்டுப் போ."

"நீங்களும் வாங்கப்பா."

"என் வேகத்துக்கு நான் வர்றேன். நீ போ. என்னோடதையும் மாட்டிடு. பின்னாலயே வர்றேன்."

அவள் நின்றாள். அவர் வேண்டுமென்றே சொன்னார், கண்ணில் அந்தக் குறும்பு இருந்தது. கதையைக் கிண்டல் செய்கிறார். ஆனால் சொல்லி முடித்ததும் அவரே ஒரு மாதிரியாக, யார் சொன்னது என்பது போல, கட்டிலுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம்பா. இங்கயே இருங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன். நகரக் கூடாது."

"சரி மேடம்."

மேலே வெளிச்சம் கண்ணில் குத்தியது. அச்சகத்து அண்ணனும் தம்பியும் டீச்சரை வேனுக்கு நடத்திப் போனார்கள், வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடினார். பத்தடி தாண்டியதும் பனிமூட்டம் அவர்களை விழுங்கிவிட்டது. வேன் கதவு சறுக்கி மூடும் சத்தம் மட்டும் வந்தது. அவள் பலகை முன்னால் நின்று, பையிலிருந்து டோக்கன்களை எடுத்து மாட்டினாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. கை தானாகச் செய்தது. நான்கு வருடப் பழக்கம். பதினைந்து, பதினாறு, பதினேழு.

கூண்டுக் கதவு திறந்தது. காப்பாளர் சாவிக் கொத்தோடு வந்து, அவளைத் தாண்டிப் போய், இரும்புக் கதவைத் தள்ள ஆரம்பித்தார்.

"இருங்க, இருங்க. அப்பா உள்ள இருக்காரு."

"பலகை நிறைஞ்சிருக்கே."

"நான்தான் மாட்டினேன். தெரியாம மாட்டிட்டேன்."

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். கோபம் இல்லை. நெடுநாளாக ஒரு செய்திக்காகக் காத்திருந்து அது வந்துவிட்ட மாதிரி அவளைப் பார்த்தார்.

"தினமும் நீங்கதானே அந்தக் கதைய சொல்றீங்க?"

"நேரமில்லைங்க. அவருக்கு மூச்சுத் திணறல்."

"நான் ஆள எண்ண மாட்டேன். எனக்குக் காதும் சரியில்ல, கண்ணும் சரியில்ல. பலகைதான். எனக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான். அலை ஏற ஆரம்பிச்சாச்சு, சீக்கிரம் போங்க." சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு கூண்டுக்குத் திரும்பினார்.

அவள் பதினேழைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். இப்போது அது சூடாக இருந்தது.

இருபதாவது படியில் தோன்றியது. ஒன்றுதான் எடுத்திருக்கிறேன். உள்ளே இருக்கப்போவது இரண்டு பேர். பலகையில் ஒரே ஒரு ஆணிதான் காலி.

நின்றாள். மேலே போய் இன்னொன்றை எடுத்து வர அரை நிமிடம் ஆகும். அப்போது கீழேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. நீளமான, நிற்காத இருமல். அவள் கீழே ஓடினாள்.

படுக்கை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டில் காலி. கம்பளி விரிப்பில் ஒருவர் உட்கார்ந்த பள்ளம். தொட்டுப் பார்த்தாள். அந்தப் பள்ளம் ஈரமாக, ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"அப்பா?"

"இங்க இருக்கேம்மா."

பீரங்கி அறையிலிருந்து. அவருடைய குரல்தான். அவள் மூன்று எட்டு வைத்தாள். கிடங்கு வாசலைத் தாண்டினாள்.

"அங்க எதுக்குப் போனீங்க? நகராதீங்கன்னு சொன்னேன்ல?"

"கடல பாக்க வந்தேன். வா. நீயும் வந்து பாரு. ரொம்ப அழகா இருக்கு, வந்து பாரு."

பீரங்கி அறையின் வாசலில் கால் வைத்தபோது தண்ணீர் கணுக்காலை நனைத்தது. எதிரே நீளமான வெட்டுத் திறப்பு, அதில் சாம்பல் வெளிச்சம், அலை அந்த வெளிச்சத்தை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. அறையில் யாரும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு எது சரியில்லை என்று பிடிபட்டது. கீழே வந்து சேர்ந்ததிலிருந்து அப்பா மூச்சு வாங்காமல் ஐந்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. இந்தக் குரலில் விசில் இல்லை. இடைவெளி இல்லை. பேச மூச்சு வேண்டும் என்பதே அதற்குத் தெரிந்திருக்கவில்லை.

விளக்கு அணைந்தது.

அவள் அசையவில்லை. தண்ணீரில் ஏதோ நடந்தது. மெதுவாக. பூட்ஸ் காலை ஊன்றி, எடுத்து, ஊன்றி. அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனது. கம்பளி வாசனை. முதுகில் குளிர்.

அவளுடைய வலது கையை ஒரு கை பிடித்தது. முரட்டுத்தனம் இல்லை. அவசரமும் இல்லை. மூடியிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. சுண்டு விரல். அடுத்தது. அடுத்தது. குழந்தை கையிலிருந்து பொத்தானை வாங்குவது போல. உள்ளங்கையிலிருந்த சூடு போயிற்று.

பிறகு பூட்ஸ் சத்தம் விலகியது. தண்ணீரிலிருந்து சிமெண்டுக்கு. சிமெண்டிலிருந்து படிக்கு.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவளுக்குக் கத்த வரவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி வந்தாள். பாதி வழியில், இடது பக்கம், தாழ்வாக, அந்தச் சத்தம் கேட்டது. ஸ்பிரே துப்பாக்கி. சின்ன விசில். கிடங்குக்குள்ளிருந்து.

"அப்பா."

"யாரு?" விசில். "நீயா?" விசில். "நிஜமா நீயா?"

முட்டி போட்டுத் தடவினாள். பழைய ஸ்வெட்டர். சவரம் செய்யாத கன்னம். வெதுவெதுப்பான கன்னம். சுவரோடு ஒட்டி, குறுகி உட்கார்ந்திருந்தார்.

"இங்க ஏம்பா வந்தீங்க?"

"நீதானே கூப்பிட்ட. வாங்கப்பா, இந்த வழியா போயிடலாம்னு." விசில். "உன் குரல். வந்து பாத்தா யாருமில்ல. அப்புறம் என் காதுகிட்டயே..." இருமினார். "இருபத்தாறு பேர் இருந்தார்கள்னு ஆரம்பிச்சு மொத்தக் கதையும் சொல்லிச்சு. ஒரு வார்த்தை பிசகல. திரும்பத் திரும்பச் சொல்லிச்சு. பாடம் பண்ற மாதிரி."

அவள் அவருடைய கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கினாள். அவர் கனமே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "மேல போறோம். பேசாதீங்க. மூச்ச மட்டும் விடுங்க."

படி. படி. மேலே, அவர்களுக்கு முன்னால், பூட்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே சீராக. இருபத்தொன்று. இருபத்திரண்டு. அவர்கள் ஏழாவதில் நின்றார்கள். அப்பாவால் முடியவில்லை. விசில். விசில். மறுபடி எட்டு. ஒன்பது.

"ஐயா," என்று கத்தினாள். "கதவ மூடாதீங்க. ரெண்டு பேர் இருக்கோம்."

அலை பீரங்கி அறைக்குள் மோதி உடைந்தது. அவள் குரல் அந்த இரைச்சலுக்குள் விழுந்து காணாமல் போயிற்று.

பன்னிரண்டு. அப்பாவின் முழங்கால் மடிந்தது. இழுத்தாள். பதின்மூன்று.

"என்ன விட்டுட்டுப் போ," என்றார். "நீ போய் நிறுத்து."

அவள் கையை எடுக்கப் பார்த்தாள். எடுக்க முடியவில்லை. இந்த இருட்டில் விட்டால், திரும்பி வந்து பிடிக்கும் கை யாருடையதாக இருக்கும்? "கூட்டிட்டு வந்தவ நான். கொண்டு போய்ச் சேர்க்கறவளும் நான்தான். வாங்க."

இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. பூட்ஸ் சத்தம் நின்றுவிட்டது. மேலே போய்ச் சேர்ந்துவிட்டது.

திருப்பத்துக்கு வந்தார்கள். அங்கிருந்து மேலே ஒரு நீண்ட சதுர வெளிச்சம் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. பனிமூட்டம். புல் வாசனை. இன்னும் இருபத்து நான்கு படிகள். அவளுக்கு அழுகை வந்தது. "பாருங்கப்பா, திறந்துதான் இருக்கு. பாருங்க."

அந்தச் சதுரத்துக்குள் ஒரு நிழல் குறுக்கே போனது. பலகை இருக்கும் பக்கம்.

டிங்.

பித்தளை ஆணியில் விழும் சத்தம். அவ்வளவு தூரத்துக்கும் துல்லியமாகக் கேட்டது.

கூண்டுக் கதவு திறந்தது. சாவிக் கொத்து. மந்தக் காது உள்ளவர்கள் பேசுவது போலக் காப்பாளர் உரக்கக் கேட்டார். "ரெண்டு பேரும் வந்தாச்சா?"

அவள் வாயைத் திறந்தாள். மேல்மூச்சு வாங்கியதில் சத்தம் வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். அதற்குள் மேலேயிருந்து பதில் போய்விட்டது. தெளிவான குரல். சுவருக்கு முன்னாலும் கல்லறைக்கு முன்னாலும் நின்று நான்கு வருடமாகப் பேசிப் பழகிய, ஒரே சீரான, மூச்சே வாங்காத குரல்.

"எல்லாரும் வந்தாச்சுங்க. அப்பா வேன்ல ஏறிட்டாரு. நீங்க பூட்டிக்கலாம்."

"அக்கா, கிளம்பலாமா?" டிரைவரின் குரல், பனிமூட்டத்துக்குள்ளிருந்து. "டீச்சர் படுத்துத் தூங்கிட்டாங்க. எண்ணிட்டீங்களா?"

"ரெண்டு தடவ எண்ணிட்டேன். கிளம்பு."

அவள் அப்பாவை இழுத்துக்கொண்டு ஏறினாள். நாற்பத்தைந்து. கத்தினாள். இப்போது சத்தம் வந்தது. நாற்பத்தெட்டு. வெளிச்சச் சதுரம் ஒரு பக்கத்திலிருந்து குறுகியது. கீல் முனகியது. ஐம்பத்தொன்று. சதுரம் பட்டையானது. பட்டை கோடானது. அந்தக் கோட்டில், ஒரு கணம், அவளுடைய யூனிபாரம் கோட்டின் நிறம் நகர்ந்து போவதைப் பார்த்தாள். அவளுடைய கோட்டு அவள் உடம்பில்தான் இருந்தது.

கோடு போயிற்று.

"யாரும்மா அது," என்று அப்பா இருட்டில் கேட்டார், "உன்ன மாதிரியே பேசறது?"

இரும்புத் தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டில் சாவி ஒரு முறை திரும்பியது. இன்னொரு முறை திரும்பியது.